நாலு அங்குலம் ஏறிய ஜீப்

"ஏறு, பார்க்கலாம்" என்றார் பக்தவச்சலம்.

மலர் வலது காலைத் தூக்கினாள். ஜீப்பின் தரை அவள் தொடை உயரத்தில் இருந்தது. கால் பாதி தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தது.

"போன வாரம் வரைக்கும் ஏறிட்டுத்தானே இருந்தேன்?"

"போன வாரம் வேற. இப்ப லிஃப்ட் கிட் போட்டிருக்கில்ல. ஸ்பிரிங் பட்டை புதுசு, ஷாக் புதுசு. அதுல நாலு அங்குலம். டயர் பெருசு பண்ணதுல ஒண்ணரை."

"அஞ்சரை."

"ஆமா. நாய் குனியாம அடியில பூந்து போலாம் இப்ப."

"நாய் போறதுக்கா இவ்ளோ பாடுபட்டீங்க?"

அவர் சிரித்துக்கொண்டே டயரைத் தட்டினார். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் டூல் ரூம் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து இந்த ஜீப்தான் அவருக்கு ஷிப்ட். அறுபத்திரண்டாம் வருஷத்து மாடல். கோலார் தங்கவயலில் ஓர் ஏலத்தில், அவர்களுக்குக் கல்யாணமான வருஷமே எடுத்தது. அதற்கும் முப்பத்தொரு வருஷம் ஆகிவிட்டது. அந்த முப்பத்தொரு வருஷமும் இடது பக்கத்து இருக்கை மலருடையது. பிள்ளை உதயாவைப் பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து காக்ஸ் டவுன் வீட்டுக்கு வந்தது அதில்தான். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போவதும் அதில்தான்.

எதிர்வீட்டு டோரீன் கேட்டின்மேல் கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மலர், என்கிட்ட ஒரு ஸ்டூல் இருக்கும்மா. கொண்டு வரட்டா?"

"வேணாம் டோரீன்."

"பாத்ரூம் ஸ்டூல்தான். ஆனா ஸ்ட்ராங்."

"வேணாங்கிறேன்ல."

அந்த நேரம் பார்த்து ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினாள் வீணா. பக்தவச்சலம் சேர்ந்திருக்கும் ஜீப் கிளப்பில் அவளும் இருந்தாள். வயது நாற்பத்திரண்டு. அவளுடைய சொந்த ஜீப் நாலு மாதமாக மெக்கானிக் ஷெட்டில் பிரித்துப் போட்டபடி கிடந்ததால், கிளப் போகும் இடத்துக்கெல்லாம் அவள் பக்தவச்சலத்தின் வண்டியில் வந்துகொண்டிருந்தாள்.

"நமஸ்தே ஆன்ட்டி" என்றாள்.

மலருக்கு ஐம்பத்தைந்து. பதின்மூன்று வயது வித்தியாசத்தில் ஒருத்தி இன்னொருத்திக்கு ஆன்ட்டி ஆக முடியுமா என்று அவள் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். முடியாது என்றுதான் வந்தது.

வீணா கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்தாள். ஒரு எம்பு. இடது பக்கத்து இருக்கையில் இருந்தாள்.

"சார், வளைவு அருமையா வந்திருக்கு."

"பின்னால இன்னும் ரெண்டு நூல் இறங்கணும். ஓட ஓட உக்காரும்."

"ஷேக்கிள் பின்னால சாஞ்சிருக்கா?"

"அதெல்லாம் கரெக்டா இருக்கு. நீங்களே வந்து பாருங்க, மேடு பள்ளத்துல."

தமிழில்தான் பேசினார்கள். மலருக்கு ஒரு வரியும் புரியவில்லை.

"மலரு, மார்க்கெட்டுக்கு ஆட்டோல போயிடு. ஓட்டிப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

தெரு திரும்பும் வரை வண்டியின் உயரம் தெரிந்தது. வீணாவின் தலை அவருடைய தலைக்குச் சமமாக இருந்தது. மலர் உட்கார்ந்தால் அவர் தோளுக்குத்தான் வருவாள்.

"நல்ல பொண்ணுதான் அவ" என்றாள் டோரீன்.

"நல்ல பொண்ணா இருந்துட்டுப் போட்டும். என் சீட்டுல எதுக்கு?"

"வேற எங்க உக்காருவா? பின்னால பெஞ்சு. இடுப்பு போயிடும்."

"அவளுக்கு இடுப்பு எங்க இருக்கு, போறதுக்கு?"

டோரீன் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "நான் சொல்றேன்னு தப்பா நினைக்காத. எங்க வீட்டுக்காரர் மோட்டார்பைக் வாங்கினப்போ பின்சீட்டைக் கழட்டிட்டார். ஏன்னு கேட்டேன். ஸ்டைல்னார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கனடா போயிட்டார்."

மலர் அன்று மார்க்கெட்டுக்குப் போகவில்லை. மீன் இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. அவர் திரும்பி வந்து ரசத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் அவளுக்குக் குற்றமாகத்தான் பட்டது.

மறுநாள் காலை, கண் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு, பிரேசர் டவுனில் லிஃப்ட் கிட் போட்ட மெக்கானிக் சின்னப்பாவின் ஷெட்டுக்குப் போனாள். சின்னப்பாவின் அப்பாவும் பக்தவச்சலத்தின் அப்பாவும் தங்கவயலில் ஒரே சுரங்கத்தில் இறங்கியவர்கள். அந்த உறவில் அவளை அக்கா என்பான், அவரை அண்ணன் என்பான்.

"வா அக்கா. அண்ணன் வரல?"

"அண்ணனுக்குத் தெரியாம வந்திருக்கேன்."

சின்னப்பா கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "இன்னா அக்கா, பயமுறுத்துற?"

"அந்த நாலு அங்குலத்தை இறக்கிடு."

"எந்த நாலு அங்குலம்?"

"ஏத்தினியே, அது."

"அது இன்னா ஜாக்கியா அக்கா, ஏத்தி இறக்கறதுக்கு? ஒரு வாரம் அடியில படுத்துகினு பண்ண வேல. நாலு சக்கரத்துக்கும் புதுப் பட்டை. ஷேக்கிள் மாத்தி, ஷாக் மாத்தி, பிரேக் ஓஸ் பைப்பு எட்டாதுன்னு அதையும் நீளமாப் போட்டு. இப்ப இறக்குன்னா?"

"சரி. அப்ப என் பக்கம் மட்டும் இறக்கு."

"உன் பக்கமா?"

"இடது பக்கம். நான் ஏறுற பக்கம். அவரு பக்கம் எவ்ளோ உயரம் வேணா இருக்கட்டும், எனக்கென்ன?"

சின்னப்பா சிரிக்கவில்லை. மெக்கானிக் அல்லவா, கேட்டதை முடியுமா முடியாதா என்று ஒரு நிமிஷம் உண்மையாகவே யோசித்தான்.

"ஒரு பக்கமா சாஞ்சி நிக்கும் அக்கா. பல்லு வலிக்காரன் தலகாணியில சாஞ்ச மாதிரி."

"நிக்கட்டும்."

"திருப்பத்துல கவுந்துடும்."

"கவுந்தா அவ இருக்கும்போது கவுழட்டும்."

"எவ?"

மலர் முகத்தைத் திருப்பினாள். திருப்பிய பக்கத்தில் சுவர். சுவரில் சுண்ணாம்புக்கு மேல் கறுப்பு எழுத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக, வண்டிக்காரர்களின் பெயர்கள். கடைசிப் பெயரைப் படித்தாள். பக்தா அண்ணன், வலது 82, இடது 55.

"இது என்ன சின்னப்பா?"

"வெயிட்டு. யாருக்குப் பட்டை கட்டினாலும் மொதல்ல கேட்டுடுவேன். யாரு எந்தப் பக்கம் உக்காருவாங்க, எத்தினி கிலோன்னு. அதுக்கேத்த மாதிரி ரெண்டு பக்கமும் தனித்தனியா கட்டுவேன். இல்லாட்டி ஒரு வருஷத்துல ஒரு பக்கம் தொங்கிடும். மத்த ஷெட்டுல இதெல்லாம் பண்ண மாட்டானுங்க." அவன் குரலில் பெருமை இருந்தது.

"எம்பத்திரெண்டு அவரு."

"ஆமா."

"அம்பத்தஞ்சு யாரு?"

சின்னப்பா சுவரைப் பார்த்தான். மலரைப் பார்த்தான். பெருமை போய்விட்டது.

"அண்ணன் சொன்னாரு, எழுதிக்கினேன்."

"என்னைப் பார்த்தா உனக்கு அம்பத்தஞ்சாத் தெரியுதா?"

என்ன சொன்னாலும் ஆபத்து என்று தெரிந்தும் அவன் வாயைத் திறந்தான். "நீ எத்தினி இருப்ப அக்கா?"

"அது உனக்கு எதுக்கு?"

"இல்ல, நான் ஒண்ணும் கேக்கல."

ஷெட்டின் மூலையில் ஒரு ஜீப், என்ஜின் தரையிலும் உடம்பு கட்டைகளின்மேலும் கிடந்தது. யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அது எப்ப முடியும்?"

"கியர் பாக்ஸ்ல ஒரு பல்லுச்சக்கரம் கிடைக்கல. தேடிகினு கீறேன். தீபாவளி ஆவும்."

அது பங்குனி மாதம்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டா? வண்டியில ஒரு படி வெல்டு பண்ணித் தரேன். பாதி நாள் வேல. நீ பாட்டுக்கு ஏறலாம்."

"படி வேணாம்."

"ஏன்?"

"அவளுக்கு வேண்டாத படி எனக்கு மட்டும் எதுக்கு? நான் கிழவின்னு வண்டியிலயே வெல்டு பண்ணி வைக்கறதுக்கா?"

சாயங்காலம் பக்தவச்சலத்துக்குக் காபியைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்க வெயிட்டு எம்பத்திரெண்டா?"

அவர் பேப்பரிலிருந்து முகத்தை எடுத்தார். "கண் டாக்டர் சின்னப்பா ஷெட்டுல இருக்காரா?"

"இடது பக்கம் அம்பத்தஞ்சுன்னு எழுதி வெச்சிருக்கான்."

"ஆமா."

பொய் சொல்வார் என்று எதிர்பார்த்து, அந்தப் பொய்க்கு வேண்டிய கோபத்தை மத்தியானத்திலிருந்தே தயாராக வைத்திருந்தாள். இந்த ஆமாவை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அது வீணா வெயிட்டு."

"ஆமா. மலைக்கு வர்றது அவங்கதானே. அவங்ககிட்டயே கேட்டேன்."

"வெயிட்டைக் கேட்டீங்களா?"

"கேட்காம எப்படித் தெரியும்?"

"என்னை ஒரு நாள் கேட்டிருக்கீங்களா?"

"கேட்டா நீ சொல்லுவியா?"

அவள் வேறு பக்கமாக வந்தாள். "நான் வரமாட்டேன்னு எப்ப சொன்னேன்?"

"போன சித்திரையில. மலைப் பக்கம் போயிட்டு வந்து ரெண்டு நாள் படுத்திருந்து, 'இனிமே இந்த எழவெடுத்த வண்டியில காடு மலைன்னு வரவே மாட்டேன்'னு சொன்ன. நானா சொன்னேன்?"

"காடு மலைக்கு வரமாட்டேன்னுதான் சொன்னேன். சீட்டை இன்னொருத்திக்குக் குடுத்துடுங்கன்னா சொன்னேன்?"

அவர் பேப்பரை மடித்தார். "மலரு, அது வெறும் சீட்டு."

"சரி. வெறும் சீட்டு. வர்ற ஞாயித்துக்கிழமை நான் அதுல வரேன்."

"மலைக்கா?"

"மலைக்கு."

"ஏற மாட்டியே."

"ஏறுவேன்."

எப்படி ஏறுவது என்பதை டோரீன்தான் கண்டுபிடித்தாள். அவள் வீட்டு வாசலில் நாலு படிகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பக்தவச்சலம் ஜீப்பைப் பின்பக்கமாக அவள் காம்பவுண்டுக்குள் கொண்டுபோனார்.

"இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட. பக்தா, தொட்டி. என் ரோஜாத் தொட்டி."

"தொட்டியை நகத்தி வெக்கக் கூடாதா டோரீன்?"

"ஜீப்பை நகத்து. அதுக்குத்தான் சக்கரம் இருக்கு."

மலர் மூன்றாவது படியில் நின்று, பக்கத்து அறைக்குப் போவதுபோல உள்ளே காலை வைத்து உட்கார்ந்தாள். புடவையைச் சரிசெய்தாள். தெரு கீழே இருந்தது. டோரீனின் தலை வகிடு தெரிந்தது. இந்த உயரம் நன்றாகத்தான் இருந்தது, அதனால் வீணாவின்மேல் இன்னும் கொஞ்சம் எரிச்சல் வந்தது.

வீணா ஸ்கூட்டரில் வந்தாள். இடது இருக்கையைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, நீங்களும் வரீங்களா? சூப்பர்."

பின்பக்கம் ஏறிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அவள் முகம் ஒரு கணமாவது மாறுகிறதா என்று மலர் கண்ணாடியில் பார்த்தாள். மாறவில்லை. கனகபுரா ரோடு வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த முகம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். ஒருத்தியிடமிருந்து ஒன்றைப் பறித்தால் அவளுக்கு வலிக்க வேண்டாமா?

வழியில் ஒரு ஹோட்டலில் தட்டு இட்லிக்கு நிறுத்தினார்கள். ஐந்து ஜீப்புகள். எல்லாரும் குதித்து இறங்கினார்கள்.

"வா மலரு."

"எனக்குப் பசியில்ல."

பசி இருந்தது. ஆனால் இங்கே டோரீன் வீட்டுப் படி இல்லை. இறங்கினால் திரும்ப ஏற முடியாது, ஏற முடியாவிட்டால் இடம் போய்விடும்.

கிளப்பில் மூத்தவரான சீனிவாசராகவன் காபி டம்ளரோடு வந்து நின்றார். "என்ன, மேடம் மட்டும் மேலேயே கொலு இருக்காங்க?"

"இறங்கினா ஏத்தறதுக்கு கிரேன் கூப்பிடணும் சார்" என்றார் பக்தவச்சலம்.

எல்லாரும் சிரித்தார்கள். வீணா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டில் இரண்டு இட்லியும் வடையும் கொண்டுவந்து மேலே நீட்டினாள். மலர் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

"காபி, ஆன்ட்டி?"

"வேணாம்."

"தண்ணி?"

பச்சை மிளகாய்ச் சட்னி அவளைத் தண்ணீர் குடிக்க வைத்தது. ஒரு பாட்டில் முழுவதும். அது தப்பாகப் போயிற்று.

பதினொரு மணிக்கு, மலையடிவாரத்தில் காய்ந்த ஓடையொன்றில், முன்னால் போன சீனிவாசராகவனின் ஜீப் ஒரு பாறைமேல் வயிற்றை வைத்து நின்றுவிட்டது. நாலு சக்கரமும் சும்மா சுற்றின. "அவருது கிட் போடாத வண்டி, அதான்" என்று சொல்லிவிட்டு, பக்தவச்சலம் என்ஜினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, கயிற்றோடு போனார். மற்றவர்களும் போனார்கள். வீணா கீழே நின்று தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தாள்.

மலர் கால் மணி பொறுத்தாள். அரை மணி பொறுத்தாள். அதற்குமேல் முடியவில்லை.

"வீணா."

அன்றுதான் முதல்முறையாக அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"சொல்லுங்க ஆன்ட்டி."

"நான் இறங்கணும்."

வீணாவுக்குப் புரிந்தது. "கையைப் புடிங்க, இறக்கி விடறேன்."

"இறக்கி விட நான் என்ன அரிசி மூட்டையா?"

"சரி, வேணாம்." வீணா சுற்றிலும் பார்த்தாள். பத்தடி தள்ளி ஓடையின் கரை, மண்மேடாக இருந்தது. அதைக் கண்ணால் அளந்தாள். பிறகு கையை வாயருகே குவித்துக் கூப்பிட்டாள். "சார், சாவி."

பக்தவச்சலம் ஏன் என்று கேட்கவில்லை. பேச்சை நிறுத்தக்கூட இல்லை. பையிலிருந்து சாவியை எடுத்துத் தூக்கிப் போட்டார். வீணா ஒற்றைக் கையால் பிடித்தாள்.

மலர் அந்தச் சாவியை மேலே போகும்போதும் பார்த்தாள், கீழே வரும்போதும் பார்த்தாள். அந்த வண்டியை அவர் தம்பிக்குக் கொடுத்ததில்லை. பெற்ற பிள்ளை உதயா காலேஜ் படிக்கும்போது கெஞ்சிக் கேட்டும் கொடுத்ததில்லை.

வீணா ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்தாள். முதல் கியரைப் போட்டாள். வண்டி நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. ஒரு சக்கரம் கல்லேறி இறங்கியது. "என் பக்கமா கொஞ்சம் சாஞ்சுக்கோங்க ஆன்ட்டி. அவ்ளோதான்." வண்டி பெருமூச்சு விட்டு நின்றது. ஓடையில் இருந்த குலுக்கல் எதுவும் மலரின் முதுகுக்கு வரவில்லை. பக்தவச்சலம் ஓட்டினால் வரும்.

"இப்ப வெளியே பாருங்க."

மண்மேடு ஜீப்பின் தரைக்குச் சமமாக, ஒட்டினாற்போல் இருந்தது. மலர் வீட்டு வாசலைத் தாண்டுவதுபோல வெளியே வந்தாள். புதருக்குப் பின்னால் போய்விட்டுத் திரும்பினாள். நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. புடவையில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டு நின்றாள்.

இத்தனை நாள் அந்த இடது இருக்கைக்காகத்தான் வயிறெரிந்தோம் என்று நினைத்திருந்தாள். இப்போது எரிந்தது வேறு எதற்கோ.

சீனிவாசராகவனின் வண்டியை இழுத்துவிட்டு பக்தவச்சலம் வியர்வையோடு வந்தார்.

"இறங்கிட்டியா? எப்படி?"

"அவளுக்குச் சாவியைத் தூக்கிப் போட்டீங்க."

"நல்லா ஓட்டுவாங்க மலரு. பார்த்தல்ல?"

"பார்த்தேன். உங்களைவிட நல்லா ஓட்டுறா. முப்பத்தொரு வருஷத்துல என் கையில அந்தச் சாவியை ஒரு தடவை குடுத்தீங்களா?"

"நீ கேட்கலையே."

"அவ கேட்டாளா?"

அவர் யோசித்தார். "கேட்டாங்க. மொத நாளே."

வீணா தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றாள் மலர். "இப்ப நான் கேக்குறேன்."

"இங்கயா?"

"அதோ, வத்திப்போன ஏரி. அங்க இடிக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

"கிளட்ச் உனக்கு எட்டாது மலரு."

"அவளுக்கு எட்டுது."

"அவங்க உயரம். அவங்களுக்கே பாதத்தை நீட்டி..."

"சீட்டை முன்னால தள்ளலாம் சார்" என்றாள் வீணா. "முன்னாடி இன்னொரு ஜோடி ஓட்டை இருக்கு. ரெண்டு போல்ட்டுதான்."

அந்த வண்டியில் முன்னால் இன்னொரு ஜோடி ஓட்டை இருப்பது மலருக்குத் தெரியாது. முப்பத்தொரு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் தெரியாது. தனக்கு வழி சொன்ன அந்த வாயை அந்த நேரத்திலும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பக்தவச்சலம் ஏரியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "ஸ்பேனர் வேணுமே. பதினாலாம் நம்பர்."

வீணா பின்பக்கம் குனிந்து டூல் பெட்டியைத் திறந்தாள். "இதுல இல்லையே சார்."

"அதுல இருக்காது" என்றாள் மலர்.

மேட்டில் நின்றபடியே இடது இருக்கையின் அடியில் கையை விட்டு, ஒரு துணி மூட்டையை இழுத்தாள். ஓடும்போது ஸ்பேனர்கள் சத்தம் போடுகின்றன என்று பழைய ரவிக்கைத் துணியில் அவளே சுற்றி வைத்தது. முடிச்சை அவிழ்த்து, பதினாலை எடுத்தாள்.

வீணா கையை நீட்டினாள். மலர் அதைத் தாண்டி ஸ்பேனரைக் கணவரிடம் நீட்டினாள்.

"நீங்களே கழட்டுங்க."